சட்டாம்பிள்ளை முதல் சக மாணவ ஆலோசகர் வரை

வில்லியனூரில் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவர், "அடுத்து என்ன படிப்பது? அதற்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று யாரிடம் கேட்பார்? பெரும்பாலும் அரசு அலுவலகத்துக்குப் போய்க் கேட்பதில்லை. ஒரு வருடம் முன்னால் கல்லூரிக்குப் போன தெருக்கார அண்ணனிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோதான் கேட்கிறார். வீட்டில் யாரும் கல்லூரிப் பக்கம் போகாத குடும்பம் என்றால், அந்த அண்ணன் சொல்வதுதான் வேதவாக்கு. அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி சொல்லும் ஒரு வார்த்தை, கேட்பவரின் அடுத்த நாற்பது வருடத்தையே தீர்மானித்துவிடக்கூடும்.

உலகில் பல பல்கலைக்கழகங்கள் இந்த அண்ணன்-அக்கா முறையையே ஒரு பணியாக மாற்றியிருக்கின்றன. மாணவர்களையே தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சில இடங்களில் மணிக்கணக்கில் ஊதியமும் கொடுத்து, மற்ற மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு ஆலோசனை சொல்ல வைக்கிறார்கள். கேட்பதற்கு இது அமெரிக்கப் புதுமை போலத் தோன்றும். ஆனால் மாணவனுக்கு மாணவனே வழிகாட்டுவது தமிழ் மண்ணுக்குப் பழக்கமான ஒன்று. அதன் நன்மையையும் ஆபத்தையும் புதுச்சேரி வரலாறு நன்றாகவே பார்த்திருக்கிறது.

திண்ணையிலிருந்து இங்கிலாந்துக்கு

பழைய திண்ணைப் பள்ளிகளில் வாத்தியார் ஒருவர்தான் இருப்பார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரே பாடம் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆகவே முன்னேறிய மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருப்பான். சின்னப் பிள்ளைகளை மணலில் எழுத வைப்பது, பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பது, சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவன் வேலை.

1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவு இல்லப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒரு நாள் வழியில் தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அந்த முறையைத் தன் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. பெல் யோசித்து, ஜான் ஃப்ரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் முடியாது என்று சொன்னதை அந்தப் பையன் செய்து காட்டினான். ஊர் திரும்பியபின் 1797-இல் பெல் இந்த அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் படித்த அந்த முறைக்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் உருவான பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டாம்பிள்ளை பாடம் சொன்னான், தொழில் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலோருக்குத் தொழிலைத் தீர்மானித்தது குடும்பமும் சாதியும்தான். தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தால்தான் ஆலோசனைக்கே வேலை வரும். புதுச்சேரிப் பகுதியில் அப்படி ஒரு புது வழி திறந்தது பிரெஞ்சுக்காரர் காலத்தில்.

சைகோன் போன வழி

1859-இல் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைக் கைப்பற்றினார்கள். புதிய காலனியை நடத்த பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்பவர்கள், ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டு முழுக் குடியுரிமை கோரலாம் என்றாயிற்று. இவர்களை 'ரெனோன்சான்', அதாவது துறந்தவர்கள் என்று அழைத்தார்கள். இதில் முன்னணியில் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. அவர் சூட்டிக்கொண்ட பெயர் 'லபோர்த்'. பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

அந்தக் கதவு வழியாகப் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து பலர் இந்தோசீனாவுக்குப் போனார்கள். காவல், சுங்கம், சிறை, வரி வசூல், எழுத்தர் வேலை என்று அரசாங்கப் பணிகளில் அமர்ந்தார்கள். இன்னும் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள். புதுச்சேரித் தமிழில் அவர்களுக்குச் 'சொல்தா' என்று பெயர். அந்நாளில் வழிகாட்டு மையம் ஏது? போனவர் எழுதிய கடிதமும், விடுப்பில் வந்தவர் சொன்ன கதையும்தான் வழிகாட்டி. எந்தத் தேர்வு எழுத வேண்டும், எந்தக் கப்பலில் ஏற வேண்டும், அங்கே யார் வீட்டில் தங்கலாம் என்பதை முன்னால் போனவர் பின்னால் வருபவருக்குச் சொன்னார். மேட்டுக்குடியினரின் பழைய கதவுகள் மூடியிருந்த ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் பலருக்கும் இந்த வழி வாழ்வு கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒரே வழியை மட்டும் அறிந்த ஆலோசனையின் பலவீனம் 1954-இல் வெளிப்பட்டது. அந்த வருடம் ஜூலையில் ஜெனீவா உடன்பாட்டோடு இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது. நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகமே இந்தியாவின் கைக்கு மாறியது. அண்ணனுக்குச் சோறு போட்ட பிரெஞ்சு மொழி தம்பிக்கு உதவவில்லை. அலுவலகங்களில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்தது. அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் நடந்த பாதை அவர் காலத்தில் உண்மையாகவே இருந்தது. தம்பி போய்ச் சேர்வதற்குள் பாதை அடைபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

ஊருக்குள்ளேயும் இதே கதைதான். 1898-இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி. என்று அறியப்பட்டது. புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் பல குடும்பங்களுக்கு மில் வேலைதான் ஆதாரம். அப்பாவுக்குப் பின் பிள்ளையும், மாமாவுக்குப் பின் மருமகனும் அதே மில் வாசலுக்குப் போனார்கள். 2020 ஏப்ரல் 30-உடன் அந்த மில் மூடப்பட்டது.

பதிவு அட்டையின் எல்லை

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், ஊர் திரும்பும் படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக இந்தியாவில் வேலைவாய்ப்புச் சேவை தொடங்கப்பட்டது. பிறகு அது எல்லோருக்குமாக விரிந்தது. 1956 நவம்பரில் அதன் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959-இல் வந்தது. பல்கலைக்கழகங்களிலும் வேலைவாய்ப்புத் தகவல் மற்றும் வழிகாட்டு மையங்கள் ஏற்பட்டன. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழுவும் மாணவர்களுக்கு வழிகாட்டுதல் தேவை என்று வலியுறுத்தியது.

ஆனால் நடைமுறையில் 'எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்' என்றால் மக்கள் மனதில் பதிந்தது பதிவு அட்டையும் புதுப்பிக்கும் தேதியும்தான். எந்த இடம் காலி என்று அலுவலகம் சொல்லும். இந்தப் பெண்ணுக்கு எந்த வேலை பொருந்தும் என்று உட்கார்ந்து பேச அங்கே ஆளும் நேரமும் குறைவு.

பாஸ்டனும் டெக்சாஸும்

அப்படி உட்கார்ந்து பேசுவதை ஒரு துறையாக்கியவர் அமெரிக்காவின் ஃபிராங்க் பார்சன்ஸ். 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் அவர் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளும் ஏழை இளைஞர்களும் அங்கே வந்தார்கள். பார்சன்ஸ் சொன்னது மூன்றே படிகள். முதலில் உன்னை அறிந்துகொள். அடுத்து, வேலைகளின் தேவை, கூலி, எதிர்காலம் ஆகியவற்றை அறிந்துகொள். பிறகு இரண்டையும் பொருத்திப் பார். அதே வருடம் செப்டம்பரில் அவர் காலமானார். அவருடைய புத்தகம் 1909-இல்தான் வெளிவந்தது. இன்றைய தொழில் ஆலோசனை முறைகள் பலவற்றுக்கும் அந்த மூன்று படிகளே அடித்தளம்.

பார்சன்ஸின் ஆலோசகர் பயிற்சி பெற்ற பெரியவர். அந்த இடத்தில் மாணவரை உட்கார வைக்க முடியுமா? டெக்சாஸ் மாநிலத்தின் சான் மார்கஸ் நகரக் கல்லூரி ஒன்றில் சுங்கர், பிரௌன் என்ற இருவர் இதைச் சோதித்து, 1966-இல் முடிவை வெளியிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொழில்முறை ஆலோசகர்களும், மறுபகுதியினருக்குப் பயிற்சி பெற்ற மூத்த மாணவர்களும் படிப்பு சம்பந்தமான ஆலோசனை கொடுத்தார்கள். மாணவர்களின் ஆலோசனை எந்த வகையிலும் குறைந்துபோகவில்லை. சில அளவுகோல்களில் மேலாகவே இருந்தது. இங்கே 'பயிற்சி பெற்ற' என்ற சொல்தான் முக்கியம். எழும்பூர்ப் பையனிடம் பெல் கண்டதும், ஏறக்குறைய 170 வருடம் கழித்து டெக்சாஸில் கண்டதும் ஒன்றுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில் வேலை மாறிய 282 பேரை ஆராய்ந்து 1974-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களில் 56 சதவீதம் பேர் தெரிந்தவர் மூலமாகவே வேலை பெற்றிருந்தார்கள். ஆனால் அந்தத் 'தெரிந்தவர்' பெரும்பாலும் தினம் பார்க்கும் நண்பர் அல்ல. எப்போதாவது பார்க்கும் ஒருவர். காரணம் எளிது. தினம் சந்திப்பவருக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரியும். வேறு வட்டத்தில் பழகுபவர்தான் புதுச் செய்தி கொண்டுவருகிறார். தெருக்கார அண்ணனின் அன்பில் குறையில்லை. அவருக்குத் தெரிந்த வட்டம்தான் சிறியது.

கேம்பஸ் காலம்

இந்தியாவில் மாணவரே வேலை விஷயத்தைக் கவனிக்கும் வழக்கம் ஐ.ஐ.டி.களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் வேரூன்றியது. 'பிளேஸ்மெண்ட் கோ-ஆர்டினேட்டர்' என்று அழைக்கப்படும் மாணவர்கள் நிறுவனங்களை அழைக்கிறார்கள். மாதிரி நேர்காணல் நடத்துகிறார்கள். சென்ற வருடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்துக் கொடுக்கிறார்கள். கிராமத்திலிருந்து வந்த மாணவருக்கு ரெஸ்யூம் எழுதக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் ஒரு சீனியர்தான். ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை அவரிடம் கேட்கலாம்.

ஆனால் சைகோன் பாடம் இங்கும் திரும்பி வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் எல்லா அண்ணன்களும் ஒரே குரலில் 'கம்ப்யூட்டர்' என்றார்கள். 2001-இல் தகவல் தொழில்நுட்பத் துறை சரிந்தபோது, வேலை உத்தரவு வாங்கிய பலருக்குச் சேரும் தேதி தள்ளிப்போனது. துறை மீண்டும் எழுந்ததும் அதே குரல் இன்னும் பலமாக ஒலித்தது. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. பிறகு மாணவர் சேராமல் பல கல்லூரிகள் மூடப்பட்டன.

அரசுகளும் இப்போது இந்த இடைவெளியை உணர்ந்துள்ளன. மத்திய அரசு 2015-இல் தேசியத் தொழில்சேவை இணையதளத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2022-இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. தகவலுக்கு இனிப் பஞ்சமில்லை. பஞ்சம், அந்தத் தகவலை ஒரு மாணவரின் குடும்ப நிலைமைக்கும் விருப்பத்துக்கும் பொருத்திப் பேசும் ஆளுக்குத்தான்.

முடிவாக

வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களில் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் அக்கா அவர். அவரை நீக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டுவரத் தேவையில்லை. அவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். தான் படித்த படிப்பைத் தாண்டி நான்கு படிப்புகள் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். வந்தவரைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும். தன் அனுபவம் வேறு, அடுத்தவர் வாழ்க்கை வேறு என்று உணர்ந்திருக்க வேண்டும்.

சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். சைகோன் அண்ணனும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நல்ல மாணவ ஆலோசகர் இன்னும் ஒன்றைச் சொல்லத் தெரிந்தவர்: "இது எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் உன்னைக் கூட்டிப்போகிறேன்."