டே கேர் நடத்துறீங்களா? ஆயாவை வேலைக்கு வைக்கும் முன் இதைப் படிங்க!

வாசலில் பொம்மை படம், ஹாலில் ஏ.சி., மூலையில் ஒரு கேமரா. குழந்தைகள் காப்பகம் ஆரம்பிக்க இது போதும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். பெற்றோரும் "கேமரா இருக்கா, சோறு ஊட்டுவீங்களா?" என்று கேட்பதோடு சரி. ஆயா யார், எந்த ஊர், இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தார் என்று கேட்பவர்கள் குறைவு.

2016 நவம்பரில் நவி மும்பை கார்கரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கலாம். காப்பகத்தில் விடப்பட்ட 10 மாத பெண் குழந்தையை ஆயா அடித்து உதைத்தார். அந்தக் காட்சி நாடு முழுக்க டி.வி.யில் ஓடியது. ஆயா மட்டுமல்ல, காப்பக உரிமையாளரும் கைதானார். கேமரா அடியைப் பதிவு செய்ததே தவிர, தடுக்கவில்லை.

போக்சோ விதிகள் 2020-ல் காப்பகங்களின் பெயரைச் சொல்லியே ஒரு கட்டளை இருக்கிறது. ஆயா, சமையல்காரர், வேன் டிரைவர், ஒப்பந்த ஆள் என்று குழந்தையிடம் பழகும் எல்லா ஊழியருக்கும் போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும். சேரும்போது ஒரு தடவை செய்தால் போதாது, குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பவும் செய்ய வேண்டும். "தெரிஞ்சவங்க சொல்லித்தான் சேர்த்தோம்" என்பது இங்கே செல்லாது. தமிழக போலீசின் இணையதளத்திலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம்.

குழந்தையிடம் யாரோ தப்பாக நடந்திருப்பதாக சந்தேகம் வந்தால்? பல இடங்களில் முதலில் வரும் பேச்சு, "வெளியே தெரிஞ்சா பேர் கெட்டுடும், நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்பதுதான். அப்படி முடித்தால் அதுவே குற்றம். போக்சோ சட்டம் 19-வது பிரிவின்படி உடனே போலீசில் சொல்லியாக வேண்டும். தன் ஊழியர் செய்ததை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை ஜெயில், அபராதமும் உண்டு. "சந்தேகம் தப்பாப் போயிட்டா நம்ம மேலே கேஸ் வருமோ?" என்ற பயம் வேண்டாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்கு போட முடியாது என்று அதே பிரிவில் இருக்கிறது.

அடிப்பது, பட்டினி போடுவது, கவனிக்காமல் விடுவது எல்லாம் சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 75-வது பிரிவில் வரும். சாதாரணமாக 3 ஆண்டு வரை தண்டனை. பராமரிப்பு நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆள் எண்ணிக்கையும் முக்கியம். அலுவலகக் காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 3 வயதுக்குக் கீழ் 10 குழந்தைக்கு ஒரு பணியாளர், கூடவே ஒரு உதவியாளர் என்று இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி கட்டாயம். அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பார்க்கலாம். 2017 திருத்தத்தில் வந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் தொடர்கிறது.

அடுத்தது தீ. 2004 ஜூலை 16-ந்தேதி கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள் கருகியது சமையல் கூரையில் பிடித்த தீயால். அவர்கள் ஓடத் தெரிந்த பள்ளிக் குழந்தைகள். 2 வயசுக் குழந்தைக்கு படி இறங்கவே தெரியாது. மாடியில் காப்பகம், பக்கத்து ரூமில் கேஸ் சிலிண்டர் என்று இருந்தால் தூக்கிக்கொண்டு ஓட எத்தனை கை இருக்கு என்று உரிமையாளர் இன்றைக்கே எண்ணிப் பார்க்கட்டும், பெற்றோரும் சேர்க்கும்போது கேட்கட்டும்.

குழந்தை விஷயமாக எந்த நேரத்திலும் 1098-க்கு போன் செய்யலாம், கட்டணம் கிடையாது.