பாஸ்டன் குளிரில் உருகாத ஐஸ் கொல்கத்தாவில் உருகியது ஏன்? என்ட்ரோபி சொல்லும் கணக்கு

1833 மே மாதம், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் கொல்கத்தாவுக்குக் கிளம்பியது. அதில் இருந்த சரக்கு என்ன தெரியுமா? ஐஸ்! ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர் அனுப்பியது சுமார் 180 டன். நான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தது ஏறக்குறைய 100 டன். சென்னை மெரினாவில் நீங்கள் பார்க்கும் ஐஸ் ஹவுஸும் டியூடரின் ஐஸ் வணிகத்துக்காக 1842-ல் கட்டப்பட்டதுதான்.

மீதி ஐஸ் ஏன் உருகியது? 'வெயில்தான்' என்று சொல்லிவிடலாம். ஆனால் வெப்பம் ஏன் ஐஸை உருக்க வேண்டும்?

என்ட்ரோபி என்றால் என்ன?

ஒரு பொருளின் மூலக்கூறுகளும் அவற்றின் ஆற்றலும் எத்தனை விதமாக அமைய முடியும் என்பதைக் காட்டும் அளவுதான் என்ட்ரோபி. ஐஸில் மூலக்கூறுகள் வரிசை கலையாமல் நிற்கும். தண்ணீரில் நழுவி இடம் மாறும். நீராவியில் இஷ்டத்துக்குப் பறக்கும். எனவே திடம், திரவம், வாயு என்று போகப் போக என்ட்ரோபி கூடும்.

கணக்கு எப்படி?

இயற்கையின் விதி ஒன்றுதான்: பொருள், சுற்றுப்புறம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ட்ரோபி குறையக் கூடாது.

ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதை கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி மாற்றம் கிடைக்கும். 0 டிகிரி செல்சியஸ் என்பது 273 கெல்வின். ஆக, ஐஸுக்கு வரவு 1.22. கொல்கத்தாவின் 30 டிகிரி காற்று (303 கெல்வின்) அதே வெப்பத்தைக் கொடுத்து இழப்பது 1.10 மட்டுமே. மொத்தத்தில் லாபம். ஐஸ் உருகுகிறது.

பாஸ்டன் குளிர்காலத்தில் மைனஸ் 10 டிகிரி (263 கெல்வின்) என்று வைத்துக்கொள்வோம். தோராயமாக, காற்றுக்கு இழப்பு 1.27. வரவைவிடச் செலவு அதிகம். ஐஸ் அப்படியே இருக்கும்.

மரத்தூள் என்ன செய்தது?

டியூடர் தன் ஐஸைப் பாதுகாக்க மரத்தூளைப் பயன்படுத்தினார். அது வெப்பம் உள்ளே வரும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். உருகுவதைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது.

அப்படியானால் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தண்ணீர் ஐஸ் ஆவது எப்படி? அங்கே தண்ணீரின் என்ட்ரோபி குறைகிறதே! ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே குறைந்ததைவிட அதிக என்ட்ரோபி, அந்தச் சூட்டோடு வெளியே போய்விடுகிறது.