ஓதற்பிரிவும் இரண்டாந்தரக் கல்லூரியும்

கல்வி காரணமாக ஒருவன் தன் ஊரை விட்டுப் பிரிதலைத் தொல்காப்பியனார் பிரிவு வகைகளுள் ஒன்றாக வைத்தார். அப்பிரிவுக்கு மூன்றாண்டு எல்லையையும் கற்பியலில் வரையறுத்தார். கற்கச் சென்ற இடத்தினின்று வேறோர் இடத்திற்கு, கற்றது கணக்கிற் குறையாமல், இடையிற் பெயர்ந்து செல்வது பற்றி அவர் ஏதும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அன்று இல்லை. ஆசிரியன் ஒருவனிடமிருந்து மற்றோர் ஆசிரியனிடம் செல்லும் மாணாக்கனுக்கு அவன் கற்ற கல்வியே சான்றாக இருந்தது. புதிய ஆசிரியன் சில வினாக்களை வினவி அவன் நிற்கும் படியை அறிந்துகொள்வான். இம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் தமிழகத்தில் அழியாதிருந்தது. 1880இல் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவிக்கு உ. வே. சாமிநாதையரை முன்மொழிந்தபோது, ஐயரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பதே அவருக்குரிய தகுதியாயிற்று.

பல்கலைக்கழகம் தோன்றியபின் நிலை மாறியது. கற்றவன் யார் என்பதைத் தேர்வும் தாளும் சொல்லத் தொடங்கின. ஒரு கல்லூரியிற் கற்றதை மற்றொரு கல்லூரி எவ்வாறு ஏற்பது என்னும் வினா அப்போதுதான் பிறந்தது. இக்கட்டுரையில் அவ்வினாவின் வரலாற்றை யாம் ஆராய்கின்றோம். தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர் போன்றதோர் ஊரிலிருந்து நோக்கினால் இவ்வரலாறு நன்கு விளங்கும். தலைநகரத்து மாணவனுக்குப் பள்ளியும் கல்லூரியும் ஒரே தெருவில் அமைதல் கூடும். கடத்தூர் மாணவனுக்கோ கல்வியின் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு பயணமாக இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அதன் முதற் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றவர் இருவர். சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையுமே அவர்கள். இருவரும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்கள். 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட அச்செமினரி பட்டம் வழங்கும் உரிமை பெற்றதன்று, சென்னையோடு இணைக்கப்பட்டதுமன்று. கடல் கடந்து வந்த இவ்விருவரையும் பல்கலைக்கழகம் தேர்வெழுத விட்டது, தேறினர், பட்டம் அளித்தது. ஆகவே இப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளே பிறிதொரு கல்விக்கூடத்திலிருந்து பெயர்ந்து வந்தோர் ஆவர். தாமோதரம் பிள்ளை பின்னர்க் கலித்தொகையை 1887இல் அச்சேற்றியதைத் தமிழுலகம் நன்றியோடு நினைக்கின்றது. அவர் நுழைந்த வாயிலைப் பற்றி நினைப்பார் இலர்.

அடுத்து வந்த காலத்தில் அவ்வாயிலுக்கு ஒழுங்கு ஒன்று ஏற்பட்டது. மெட்ரிகுலேஷன் தேறியவன் ஈராண்டு பயின்று எஃப்.ஏ. தேர்வு எழுத வேண்டும். அதன்பின் மேலும் ஈராண்டு பயின்று பி.ஏ. தேர்வு எழுத வேண்டும். எஃப்.ஏ. வரையில் மட்டுமே கற்பிக்க இணைப்புப் பெற்றது இரண்டாந்தரக் கல்லூரி எனப்பட்டது, பி.ஏ. வரையிற் கற்பிப்பது முதற்றரக் கல்லூரி எனப்பட்டது. 'இரண்டாந்தரம்' என்னும் சொல் இன்று செவிக்கு இழிவாகப் படலாம். அன்று அது தாழ்வைக் குறிக்கவில்லை. கல்லூரியின் எல்லையையே குறித்தது. 1904ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகளால் எஃப்.ஏ. என்னும் பெயர் இண்டர்மீடியட் என்று மாறியது. அமைப்பு ஏறக்குறைய அவ்வாறே நின்றது.

இங்கே கருதற்பாலது ஒன்று உண்டு. இரண்டாந்தரக் கல்லூரி தன் மாணவர்க்குத் தானே தேர்வு நடத்திச் சான்று தரவில்லை. வேலூரிலோ சேலத்திலோ பயின்றவன் எழுதிய வினாத்தாளும், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவன் எழுதிய வினாத்தாளும் ஒன்றே. அவற்றைத் திருத்துவோரும் பல்கலைக்கழகத்தாரே. ஆதலின், மாணவன் பி.ஏ. வகுப்பிற்குப் பெயர்ந்தபோது, 'நீ கற்றது எமது பாடத்திற்கு ஒக்குமா?' என்று வினவும் உரிமை புதிய கல்லூரிக்கு இல்லை. இடம் உண்டா, கட்டணம் கட்ட இயலுமா என்பனவே எஞ்சிய வினாக்கள். பெயர்ச்சியை எளிதாக்கியது கல்லூரிகளின் பெருந்தன்மை அன்று, தேர்வு பொதுவாக இருந்தமையே என்பது எம் கருத்து.

வேலூர் ஊரிசுக் கல்லூரி 1898இல் இரண்டாந்தரக் கல்லூரியாயிற்று. திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அங்கே எஃப்.ஏ. பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குப் பெயர்ந்தார். அவர் தத்துவத்தைத் தேர்ந்தெடுத்தது ஆராய்ந்து எடுத்த முடிவன்று. அக்கல்லூரியிற் பயின்று முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். நூல் வாங்கப் பொருள் இல்லாத மாணவர்க்கு அதுவே பாடத்தை முடிவு செய்தது. தேர்வு பொதுவாயிருந்ததால் வாயில் திறந்திருந்தது உண்மையே. ஆயினும் உள்ளே நுழைந்தபின் எந்த அறைக்குச் செல்வது என்பதை வறுமையே காட்டியது.

கடத்தூர்ப் பகுதி அக்காலத்திற் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் நாளில். சேலம் நகராட்சிக் கல்லூரி நெடுங்காலம் இரண்டாந்தரக் கல்லூரியாகவே இருந்தது. எனவே கடத்தூரிலிருந்து பட்டம் பெற விரும்பியவன் இருமுறை ஊர் பெயர வேண்டியவனானான். பொம்மிடியிலோ மொரப்பூரிலோ இரயிலேறிச் சேலம் செல்வது முதற் பெயர்ச்சி. ஈராண்டு கழித்து அதே இருப்புப்பாதையில் எதிர்த்திசையிற் சென்னை செல்வது இரண்டாம் பெயர்ச்சி. மாவட்டத்தின் வடகோடியில் இருந்தோர்க்கு வேறொரு வழியும் இருந்தது. ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராசகோபாலாச்சாரியார் பெங்களூர்ச் சென்ட்ரல் கல்லூரியிற் பயின்று 1894இற் பட்டம் பெற்றார். அக்கல்லூரி மைசூர் அரசில் இருந்தது. ஆயினும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருந்தமையால், அவர் சட்டம் பயிலச் சென்னைக்கு வந்தபோது எல்லை தடையாகவில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இலும், ஆந்திரப் பல்கலைக்கழகம் 1926இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இலும் தோன்றின. அவை தோன்றத் தோன்றப் பொதுத்தேர்வின் எல்லை சுருங்கிற்று. தகுதிச் சான்று, இணைத்தன்மைச் சான்று என்னும் புதிய தாள்கள் பிறந்தன.

பொதுத்தேர்வு முறையை யாம் அளவுக்கு மீறிப் புகழ்வதாகப் படிப்போர் எண்ணுதல் கூடாது. அதன் கொடுமைக்கு இராமானுசனே சான்று. அவர் 1904இற் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார்; கணக்கு ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் அத்தொகையை இழந்தார். 1906இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் பெயர்ந்தார். கல்லூரி மாறியதே ஒழியத் தேர்வு மாறவில்லை. எஃப்.ஏ. அவரை மீண்டும் மீண்டும் வீழ்த்திற்று. அதே பல்கலைக்கழகம் 1913இல் அவருக்குத் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. பி.ஏ. வகுப்பில் அமரத் தகுதியில்லை என்று தன் விதியாற் புறந்தள்ளிய ஒருவரை, ஆராய்ச்சி செய்யத் தகுதியுடையவர் என்று ஏற்றுக்கொண்டது. 1916இற் கேம்பிரிட்சு அவருக்கு ஆராய்ச்சிவழிப் பட்டம் அளித்தது. எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் முறை ஏழைக்கு நீதி. ஒருதுறை மேதைக்கு அது அநீதி. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துத்தான் எஃப்.ஏ. தேர்வை மதிப்பிட வேண்டும்.

தமிழ் கற்றோர்க்கு இப்படியிலும் சேராத ஒரு வழி இருந்தது. வித்துவான் தேர்வு பல்கலைக்கழகம் நடத்தியதே. ஆயினும் அது பி.ஏ. படிவரிசைக்குப் புறத்தே நின்றது. தருமபுரிக்கு அணித்தான திருப்பத்தூரிற் பணியாற்றிய மு. வரதராசனார் தனியே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் வெற்றி பெற்றார். 1939இற் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் டாக்டர் என அவர் ஏறிய படிகள் யாவரும் அறிந்தவை. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். புறத்தே நின்ற ஒரு தேர்விலிருந்து உள்ளே வர ஓர் இடைவழி கட்டப்பட்டிருந்தமையால் இது நிகழ்ந்தது. அவ்வழியில்லாத் துறையிற் புலமை இருந்தும் பலர் பள்ளிப் பணியோடு நின்றுவிட்டனர்.

இனி, இண்டர்மீடியட் மறைந்த கதையைக் காண்போம். 1917 முதல் 1919 வரை ஆராய்ந்த சாட்லர் குழுவே இவ்வகுப்பைப் பல்கலைக்கழகத்தினின்றும் பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1948-49இற் பல்கலைக்கழகக் கல்விக்குழுவும், பன்னிரண்டாண்டுக் கல்விக்குப் பின்னரே பல்கலைக்கழகத்தில் நுழைதல் வேண்டும் என்றது. அக்குழுவின் தலைவர் வேலூர் இரண்டாந்தரக் கல்லூரியிற் பயின்ற இராதாகிருஷ்ணனே! தாம் ஏறிய ஏணியை அவர் உதைத்தார் என்று கூறுதல் பொருந்தாது. நன்கு அமைந்த இண்டர்மீடியட் கல்லூரிகள் தனியே வளர வேண்டும் என்றும் அக்குழு கூறியது. நாடு பரிந்துரையில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டது. ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமைந்த குழு, இண்டர்மீடியட்டின் ஓராண்டைப் பள்ளிக்கும் ஓராண்டைப் பட்டப்படிப்பிற்கும் பங்கிடுமாறு கூறியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1950களின் பிற்பகுதியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூவாண்டுப் பட்டவகுப்பும் வந்தன. 1978இற் புகுமுக வகுப்பும் நீங்கி மேனிலைப்பள்ளி வந்தது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. சிற்றூர்ப் பிள்ளைகள் தம் ஊர்ப் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கலாயினர். சேலத்தோடு நின்றுவிட்ட கல்லூரிக் கல்வி, தருமபுரிக்கும், பின்னர் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்கும் பரவிற்று. ஆயினும் இடையில் ஒன்று தொலைந்தது. பட்டவகுப்பின் நடுவில் மதிப்புடையதொரு நிறுத்தம் இல்லாது போயிற்று. இண்டர்மீடியட் தேறி நின்றவனுக்கு அந்நாளில் ஒரு பெயர் இருந்தது, பணியும் கிடைத்தது. மூவாண்டில் இரண்டாண்டு பயின்று, தந்தை இறந்தமையாலோ மணமானமையாலோ நின்றுவிட்டவருக்குப் பெயர் இல்லை. கணக்கில் அவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் மட்டுமே.

அமெரிக்காவில் இதே காலத்தில் மறுதலையான போக்கு நிகழ்ந்தது. 1901இல் இல்லினாய் மாநிலத்து யோலியட் நகரில், சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ஆர்ப்பரின் தூண்டுதலால் ஈராண்டுக் கல்லூரி ஒன்று உயர்நிலைப்பள்ளியினின்றும் கிளைத்தது. அங்கே பயின்றவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாமாண்டில் நுழையலாம் என்பதே அதன் கருத்து. அதிபர் திரூமன் அமைத்த குழு, 1947இல் தன் அறிக்கையால் சமுதாயக் கல்லூரி என்னும் பெயரை நாடெங்கும் பரப்பியது. யாம் ஈராண்டுக் கல்லூரியைக் கைவிட்ட காலமும், அவர்கள் அதனை விரிவாக்கிய காலமும் ஏறத்தாழ ஒன்றே.

அப்பெயர் தமிழ் நிலத்திற்குத் திரும்பி வந்தது 1995இற் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி வழியாக. 1996இற் சென்னையில் மற்றொன்று தோன்றியது. பின்னர்ப் பல ஊர்களில் தொண்டு நிறுவனங்கள் தொடங்கின. பெயர் வந்ததே அன்றிப் பொருள் வரவில்லை. இங்கு அமைந்தவை பள்ளியை இடையில் விட்டோர்க்கும் வேலையற்றோர்க்கும் தொழிற்றிறன் தரும் நிலையங்கள். அப்பணி மிகவும் வேண்டற்பாலது. அதனைக் குறைகூறுவார் இலர். ஆனால் அவற்றின் பட்டயத்தைப் பட்டவகுப்பின் ஒரு பகுதியாகக் கணக்கிடும் பொதுத்தேர்வு இல்லை. 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பல்கலைக்கழக மானியக்குழு 2013இற் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி அமைக்கும் திட்டத்தைக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய பி.வோக். படிப்பில், ஓராண்டிற்குப் பட்டயமும், ஈராண்டிற்கு உயர்பட்டயமும், மூன்றாண்டிற்குப் பட்டமும் என்னும் ஒழுங்கு அமைந்தது. பழைய எஃப்.ஏ.யின் நிழலை இதிற் காணலாம்.

நுழைவு கிடைத்தும் பயன் கிடைக்காத நிலையும் உண்டு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையே தேறியபின் பெற்ற பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று தமிழக அரசு 2009 ஆகஸ்டில் ஆணையிட்டது. பள்ளியை விட்டவர் திறந்தநிலை வழியாகப் பட்டம் வரை ஏறினும், அப்பட்டம் பணித்தேர்வின் வாயிலில் நின்றுவிடும். பல்கலைக்கழகம் ஒருவரை ஏற்றுக்கொள்வதும், அவர் பெற்ற பட்டத்தை நாடு ஏற்றுக்கொள்வதும் வேறு வேறாயின.

ஒரு துறையில் மட்டும் பெயர்ச்சி செவ்வையாக நடைபெறுகின்றது. பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியற் பட்டவகுப்பின் இரண்டாமாண்டில் நேரே சேரலாம். அதற்கான கலந்தாய்வைப் பல ஆண்டுகள் காரைக்குடி அழகப்ப செட்டியார் பொறியியற் கல்லூரி நடத்தி வந்துள்ளது. இது வெற்றி பெற்றதன் காரணம் யாம் முன்னர்க் கூறியதே. பட்டயத் தேர்வினைப் பெரும்பாலும் மாநிலம் முழுமைக்கும் பொதுவாகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே நடத்துகின்றது. எந்த ஊர்ப் பாலிடெக்னிக்கில் பயின்றார் என்பது மதிப்பெண்ணைத் தாண்டி வினாவாவதில்லை.

கலைப்பாடங்களுக்கு அத்தகைய பொதுத்தேர்வு இன்றில்லை. சேலம், தருமபுரிப் பகுதிக் கல்லூரிகள் 1997இற் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்படும்வரை சென்னையோடு இணைந்திருந்தன. அதற்குமுன் தருமபுரியிலிருந்து சென்னைக்கு இடையிற் பெயர்ந்த பி.ஏ. தமிழ் மாணவன் ஒரே பாடத்திட்டத்திற்குள் நகர்ந்தான். இன்று கடத்தூர்ப் பெண் ஒருத்தி தருமபுரியில் ஈராண்டு தமிழ் பயின்று, மணமாகிச் சென்னைக்குச் சென்றால், பல்கலைக்கழகமே மாறிவிடுகின்றது. அவள் பயின்ற தொல்காப்பிய இயல் வேறு பருவத்தில் அமைந்திருக்கும். சங்க இலக்கியத் தாளின் பகுதிகள் வேறுபட்டிருக்கும். மானியக்குழு 2021இல் விதித்த மதிப்பளவு வங்கி, அவள் ஈட்டிய அளவுகளைச் சேர்த்து வைக்கும். அவற்றுள் எவற்றை ஏற்பது என்பதைப் புதிய பல்கலைக்கழகத்தின் பாடக்குழுவே முடிவு செய்யும். அப்பாடக்குழுக்களில் அமர்ந்திருப்போர் தமிழ்த்துறையினராகிய யாமே.