படகு எஞ்சினுக்கும் மூச்சு உண்டு

ஒரகடத்தில் 2012-இல் டைம்லர் லாரி ஆலை திறந்தபின் எங்கள் சாலையில் லாரிகளுக்குக் குறைவில்லை. ஓட்டுநர்கள் காற்று வடிகட்டியைத் தட்டித் தூசி நீக்குவதைப் பார்த்தால் எனக்குப் படகுதான் நினைவுக்கு வரும்.

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரிஸில் பிறந்தவர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அதில் சின்னப் பெருமை. பெற்றோர் ஜெர்மானியர் என்பது பிறகே தெரிந்தது. 1903-இல் பிரான்சின் மார்ன்–ரைன் கால்வாயில் ‘பெத்தி பியேர்’ என்ற படகு டீசல் எஞ்சினால் ஓடியது. லாரிக்கு முன்பே படகு! நம் நாட்டில் 1953-இல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்தோ–நார்வே திட்டம் மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் பொருத்தியது. பிறகு நம் கிழக்குக் கரைக்கும் எஞ்சின் படகுகள் வந்தன.

பாய்க்கு எந்தக் காற்றும் சரி. எஞ்சினுக்குச் சுத்தமான காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரியச் சுமார் 10,000 லிட்டர் காற்று தேவை. கடலில் தூசி ஏது என்பார்கள். கரையில் மணல் பறக்கும்; கடலில் உப்புச் சாரலும் எண்ணெய்ப் புகையும் படியும்.

பழைய எஞ்சின்களில் வடிகட்டிக்கு அடியில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். காற்று எண்ணெய்மேல் மோதித் திரும்பும்போது அழுக்கு அதில் சிக்கும். கிண்ணத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, கோடு வரை மட்டும் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். கூடினால் எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சி, நிறுத்த முடியாமல் ஓடும். அலசாமல் விட்டால் கரும்புகை, வீண் டீசல், இழுவைக் குறைவு.

லாரி திணறினால் சாலையோரம் நிறுத்தலாம். படகுக்கு ஏது ஓரம்?