வித்யாசாகரின் அரிச்சுவடியும் வீட்டில் எழுத்தறிவித்தலும்

இளஞ்சிறார் எழுத்துக்கூட்டுகையில் இடர்ப்படுவது பெரும்பாலும் அவர்தம் கவனக்குறைவாகவே கருதப்படுகிறது. அவ்விடர்ப்பாடு நெடுங்கணக்கிலிருந்தும் தோன்றலாம் என்பதற்கு வங்கமொழி வரலாறு சான்றாகிறது.

ஈசுவர சந்திர வித்யாசாகர் 1855இல் இரு பகுதிகளாக வெளியிட்ட ‘வர்ணபரிசயம்’ என்னும் அரிச்சுவடி, 16 என எண்ணப்பட்டுவந்த உயிரெழுத்துகளை 12 ஆக்கியது. வங்கச் சொற்களில் பயிலாத இரு வடமொழி நெடில்கள் நீக்கப்பெற்றன. அனுசுவாரமும் விசர்க்கமும் மெய்வரிசையில் சேர்க்கப்பெற்றன. சொல்முதலில் ஜகரமாகவும் இடையிலும் இறுதியிலும் யகரமாகவும் ஒலித்த எழுத்தின் அடிப்புள்ளியிட்ட வடிவம் தனியெழுத்தாகக் கொள்ளப்பெற்றது. இதனால் செவியில் விழும் ஒலிக்கும் கண்ணில் படும் வரிவடிவிற்கும் இடையிலிருந்த முரண் குறைந்தது.

முதற்பகுதி தனியெழுத்துகளையும் எளிய சொற்களையும் பயிற்றுவித்தது. கூட்டெழுத்துகள் இரண்டாம் பகுதிக்கு ஒதுக்கப்பட்டன. இம்முறைவைப்பு, ஆசிரியப் பயிற்சி பெறாத பெற்றோரும் படிப்படியாகக் கற்பிக்க ஏற்றதாகும்.

வீட்டிலேயே கல்வி தொடங்கிய இரவீந்திரநாத் தாகூர், எழுத்துக்கூட்டும் இடரைக் கடந்து ஓசைநயமிக்க முதல் தொடரைப் படித்தபோது எய்திய களிப்பைத் தம் ‘ஜீவன்ஸ்மிருதி’யில் (1912) பதிவுசெய்துள்ளார். அக்களிப்பை விரைந்து எய்துவிப்பதே வீட்டுக் கல்வியின் நோக்கமாதல் வேண்டும். குழந்தையின் பிழையைத் திருத்துமுன், அது ஒலியைப் பின்பற்றியதால் நேர்ந்ததா என ஆராய்வது இன்றியமையாதது.