அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல்

பிறருக்குத் தீங்கு என்று தெரிந்தும் மேலிடத்து உத்தரவைச் சாதாரண மனிதர் நிறைவேற்றும் போக்கு.

இராமநாதபுரத்துக் கமுதி, முதுகுளத்தூர் சீமை இதைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கண்டது. மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். 1871இல் வட இந்தியாவில் பிறந்து, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சென்னை மாகாணத்துக்கு வந்தது. குற்றமே செய்யாதவரும் பிறந்த சாதிக்காகப் பதிவேட்டில் ஏறினார். விரல்களை மையில் தோய்த்து உருட்டினார்கள். ராத்திரியானால் ஆஜராக வேண்டும்; வெளியூர் போகச் சீட்டு வேண்டும்.

இதை வெள்ளைக்காரத் துரைகள் மட்டும் நடத்திவிடவில்லை. பேர் எழுதியவர், கூப்பிட்டுச் சரிபார்த்தவர், வராதவரைப் பிடித்து வந்தவர் எல்லாம் உள்ளூர்க்காரர்களே. வேலை துண்டு துண்டாகப் பிரிந்ததால் பொறுப்பு யார் தலையிலும் விழவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைப் போலீஸ் சுட்டது. இராமநாதபுரத்தில் முத்துராமலிங்கத் தேவர் போராடினார். 1947இல் மாகாணத்தில் சட்டம் நீங்கியது.

இதே போக்கை அளக்க அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனையில், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று எழுதிய கடைசி விசைவரை அழுத்தினார்கள். மின்சாரம் பொய், அது அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு சுற்றில் கூட இருந்த இருவர் மறுத்தபோது, கடைசிவரை போனவர்கள் 40இல் 4 பேர்தான்.