சைக்கிள் கிரிப்பும் எங்க ஊர் ஓசூரும் - ஒரு சின்ன வரலாறு



வரலாறு என்றாலே ராஜா, போர், கோட்டை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்த முறை ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு பொருளின் வரலாறு. சைக்கிள் ஹேண்டில் பாரின் இரண்டு முனையிலும் மாட்டியிருக்குமே, அந்த கிரிப்தான்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிவிடுகிறேன். அப்பா 1984-ல் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தபோது வாங்கிய சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்கிறது. டயர், செயின், சீட் எல்லாம் பல தடவை மாறிவிட்டது. கிரிப் மட்டும் மாறவில்லை. துருப்பிடித்த ஹேண்டில் பாருக்கு பெயின்ட் அடிக்கலாம் என்று போன மாதம் கழற்ற ஆரம்பித்தேன். கிரிப் அசையவில்லை. கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்ததில் இடது பக்கம் ஓரமாக ஒரு இன்ச் கிழிந்துவிட்டது.

"விடுங்கப்பா, புதுசு மாட்டிக்கலாம்" என்றேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம்தான் நானும் உற்றுப் பார்த்தேன். கட்டை விரல் படும் இடத்தில் வரியெல்லாம் தேய்ந்து குழி விழுந்திருந்தது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1817-ல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய வண்டிக்கு பெடல் கிடையாது, காலால் உந்தித்தான் போக வேண்டும். வண்டியே பெரும்பாலும் மரம் என்பதால் தனியாக கிரிப் தேவைப்படவில்லை. பிறகு ஹேண்டில் பார் இரும்பானது. குளிரில் சில்லிடும், வியர்வையில் வழுக்கும். அதனால் முனைகளில் மரம், மாட்டுக்கொம்பு, தோல், கார்க் என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள்.

1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரை கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். 1885-ல் ஸ்டார்லியின் 'ரோவர்', 1888-ல் டன்லப்பின் காற்றடைத்த டயர் என்று சைக்கிள் பெருகியபோது ரப்பர் கிரிப்பும் பெருகியது. அப்புறம் செல்லுலாய்டு, அதற்கும் அப்புறம் பிவிசி. இன்றைக்கு நாம் 'கிரிப் ரப்பர்' என்று சொல்வதில் பல உண்மையில் பிவிசிதான்!

இத்தனை மாறியும் ஒன்று மாறவில்லை. கிரிப் மாட்டும் இடத்தில் ஹேண்டில் பாரின் வழக்கமான குறுக்களவு 22.2 மி.மீ. இது என்ன கணக்கு என்று பார்த்தால், பழைய 7/8 அங்குலம்! 1949-ல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து சென்னையில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியபோது, ஹெர்குலிஸ் என்ற பெயரோடு ஆங்கிலேயர்களின் சைக்கிள் வடிவமும் நம்மிடம் தங்கிவிட்டது.

இனி நம்ம ஊர். 1971-ல் தமிழக அரசு தொடங்கிய சிப்காட், அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான் என்பது பெரிய வசதி. (அப்போது நாம் தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004-ல்.) 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் வெளிவந்தது. அதே ஆண்டு அசோக் லேலண்டும் இங்கே உற்பத்தி தொடங்கியது. பிறகு டைட்டன் வாட்ச்.

ஊரே வண்டி தயாரித்தது. ஆனால் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் காலை ஷிஃப்டுக்கு சைக்கிள் மிதித்துத்தான் போனார்கள். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்கு வெறும் இரும்பைப் பிடித்துப் பாருங்கள், கிரிப்பின் அருமை புரியும்!

அது ஏன் கழற்ற வராமல் அடம் பிடிக்கிறது? கிரிப்பின் உள்துளை, பைப்பை விட ஒரு நூல் சிறியது. விரிந்து போய் இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலையே. மழைத்தண்ணீரும் வியர்வை உப்பும் உள்ளே இறங்கி துரு கட்டினால் பசை போட்ட மாதிரி ஆகிவிடும். பழைய பிவிசி நாளாக ஆக விறைத்தும் போகும். இழுத்தால் கிழியும். ஆகவே இழுக்கக் கூடாது, உள்ளே வழுக்க வைக்க வேண்டும்.

வலது பக்கத்தை நான் சேதமில்லாமல் கழற்றியது இப்படித்தான்:

1. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் விட்டேன். விறைப்பு குறைந்தது.

2. முனை மழுங்கிய போக்ஸ் கம்பியை சோப்புத் தண்ணீரில் நனைத்து, கிரிப்புக்கும் பைப்புக்கும் நடுவில் மெதுவாக நுழைத்தேன். கூரான ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், உள்ளே கீறிவிடும்.

3. அந்த இடைவெளியில் இங்க் ஃபில்லரால் சோப்புத் தண்ணீர் விட்டு, கம்பியைச் சுற்றி வரச் செய்தேன்.

4. பிறகு துணி முறுக்குவது போல இடமும் வலமும் திருகினேன். சுற்ற ஆரம்பித்ததும் தானாக வெளியே வந்தது.

மாட்டும்போது பைப்பின் துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன். கிரிப்புக்கு அடியில் வரும் இடத்தில் பெயின்ட் அடிக்கவில்லை, அடித்தால் பைப் தடித்துவிடும். கிரிப்பின் உள்ளே கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட் விட்டு ஒரே மூச்சில் தள்ளினேன். ஸ்பிரிட் ஆவியாகிவிடும், கிரிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய், கிரீஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள். அது காயவே காயாது. ஓட்டும்போது கிரிப் கையோடு வந்துவிட்டால் ஆளும் ரோட்டில்தான். மாட்டிய பிறகு ஒரு ராத்திரி விட்டு, திருகிப் பார்த்து, சுற்றவில்லை என்றால் மட்டும் ஓட்டுங்கள்.

மொபெட், பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வலது கிரிப் ஆக்ஸிலேட்டர் குழாய் மேல் உட்காருவதால் அதன் துளை பெரியது. இடது பக்கம் மாட்டினால் நிற்காது.

சைக்கிளில் இரண்டும் ஒரே அளவுதான், மாறினால் என்ன என்று நானும் நினைத்தேன். மறுநாள் அப்பா சைக்கிளை எடுத்தார். வாசல்கூடத் தாண்டவில்லை.

"ஏன்டா, ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கே?"

பார்க்கவே இல்லை. கை வைத்ததுமே தெரிந்துவிட்டது அவருக்கு!

திரும்பவும் கழற்றி மாட்டினேன். இந்த முறை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இடது பக்கக் கிழிசல் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு வைத்தியம் இல்லை. நீங்கள் கழற்றும்போது முதல் வேலையாக எது இடது, எது வலது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள் மக்களே.